பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லையா? பழுது எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

“கம்ப்யூட்டர் ஆன் ஆகலை” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பட்டனை அழுத்தியும் ஒரு அசைவும் இல்லாமல் கிடப்பது ஒரு பழுது. ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருப்பது வேறு பழுது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் எதையோ சொல்லிவிட்டு நிற்பது மூன்றாவது. விண்டோஸ் லோகோ வரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது நான்காவது. முதல் வகைக்கு விண்டோஸை மறுபடி போட்டுப் பயனில்லை. மூன்றாவது வகைக்கு மதர்போர்டை மாற்றினால் காசுதான் வீண். அதனால் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன், மெஷின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கீழே உள்ளது முழுக்க அந்தக் கட்டங்களின் வரிசையில்தான் போகிறது.

எந்த மாதிரி மெஷின்? ஏறக்குறைய 2006 முதல் 2013 வரை அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜி31, ஜி41 சிப்செட் உள்ள மதர்போர்டில் (இனி சுருக்கமாகப் போர்டு) கோர் 2 டுயோ அல்லது டூயல் கோர். அதற்கு அப்புறம் வந்த எச்61 போர்டில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5. ராம் டிடிஆர்2 அல்லது டிடிஆர்3. டெல், எச்பி போன்ற கம்பெனி மெஷின்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் அவற்றின் சில மாடல்களில் எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்ட்டை மாற்றி உள்ளே பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) கனெக்டரே வேறு மாதிரி இருக்கும். அங்கே ஒயர் நிறத்தை நம்பி எதையும் செய்ய வேண்டாம்.

கையில் வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஸ்டார் திருப்புளி, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர், சின்ன பெயிண்ட் பிரஷ், டார்ச், போர்டில் இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி புதுசாக ஒன்று. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஊகிக்கும் வேலை பாதியாகக் குறையும்.

பவர் கார்டைப் பிடுங்கிய பிறகு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். எந்த ஒயரைக் கழற்றினாலும் அதற்கு முன் போனில் ஒரு போட்டோ. முன்பக்க பட்டனிலிருந்து வரும் பொடி ஒயர்களை எந்தப் பின்னில் மாட்டுவது என்று அப்புறம் தலையைச் சொறிய வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். நம் ஊர் 230 வோல்ட் உள்ளே டிசியாக மாறும்போது 320 வோல்ட்டைத் தாண்டும். அதைச் சேமித்து வைத்திருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ராமைத் துடைத்து, பேட்டரியையும் மாற்றி, கேபிளையும் மாற்றியபின் மெஷின் ஓடினால் எது காரணம் என்று தெரியாது. அடுத்த மாதம் அதே பழுது வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

பெட்டியைத் திறக்கும் முன்

யுபிஎஸ்ஸை வழியிலிருந்து எடுத்துவிட்டு, பவர் கார்டை நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சில ஆண்டுகளில் செத்துவிடும். செத்த பேட்டரியோடு சில யுபிஎஸ்கள் கரண்ட் இருக்கும்போதும் ஆன் ஆவதில்லை. சில, பட்டனை அழுத்தியதும் லோடு தாங்காமல் கட் ஆகிவிடும். பழி கம்ப்யூட்டர் மேல் விழும். ஸ்பைக் பஸ்டர் சுவிட்ச், பவர் கார்டு இரண்டையும் பாருங்கள். மானிட்டரின் பவர் கார்டும் கம்ப்யூட்டருடையதும் பெரும்பாலும் ஒரே வகைதான், மாற்றி மாட்டிப் பார்க்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சுத்தம் செய்யும்போது கை பட்டு அணைந்திருக்கலாம். பழைய சில எஸ்எம்பிஎஸ்களில் அதன் பக்கத்திலேயே 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் ஒன்றும் உண்டு. அது எப்போதும் 230இல்தான் இருக்க வேண்டும். 115க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு எஸ்எம்பிஎஸ் கதை முடிந்தது.

மாட்டியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டர், கார்டு ரீடர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் மாட்டியிருக்கிறதா, போர்டில் இருக்கும் நீல விஜிஏ போர்ட்டில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு இருக்கும்போது போர்டு தன் போர்ட்டை அணைத்து வைத்திருப்பது வழக்கம். ஆயுத பூஜைக்குப் பெட்டியை நகர்த்தித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்த மறுநாள் “நேத்து வரைக்கும் ஓடிச்சே” என்று வரும் புகார்களில் பல இங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் வகை: பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை

ஃபேன் இல்லை, லைட் இல்லை, சத்தம் இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கரண்ட் கொடுத்து, போர்டில் எங்காவது சின்ன எல்இடி எரிகிறதா என்று பாருங்கள். எல்லாப் போர்டிலும் அது இருக்காது. இருந்து எரிந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஸ்டாண்ட்பை மின்சாரம் வருகிறது என்று அர்த்தம்.

அடுத்த சந்தேகம் பவர் பட்டன் மேல். விலை குறைந்த கேபினட்களில் பட்டனுக்குப் பின்னால் உள்ள சுவிட்ச் தேய்ந்துபோகும். போர்டின் ஓரத்தில் முன்பக்க ஒயர்கள் வந்து சேரும் பின் கூட்டத்தில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்களைக் கண்டுபிடித்து, அந்த ஒயரை மட்டும் உருவிவிட்டு, திருப்புளி முனையால் இரண்டு பின்னையும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். மெஷின் ஓடினால் பழுது பட்டனில்தான். ரீசெட் பட்டனின் ஒயரை அந்தப் பின்களில் மாட்டிவிட்டால், இனி ரீசெட்டே பவர் பட்டன். புது கேபினட் தேடி அலைய வேண்டியதில்லை.

அதிலும் அசைவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரிலும், சிவப்பு முனையை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் பெரிய 24 பின் கனெக்டரின் பின்பக்கம் வழியாக ஊதா ஒயரிலும் வையுங்கள். மெஷின் அணைந்திருந்தாலும், சுவரில் கரண்ட் இருக்கும்வரை அங்கே 5 வோல்ட் இருக்க வேண்டும். 4.75க்குக் கீழே இருந்தாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி. ஊதா சரி என்றால் பச்சை ஒயரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது அதில் சில வோல்ட் காட்டும்; பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் போர்டு ‘எழுந்திரு’ என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்லவே இல்லை. இறங்கியும் எஸ்எம்பிஎஸ் ஓடாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸில் பழுது, அல்லது எங்கோ ஷார்ட் ஆகியிருப்பதால் அது தன்னைக் காத்துக்கொண்டு நிற்கிறது.

மல்டிமீட்டர் இல்லாதவர்கள் செய்வது பேப்பர் கிளிப் சோதனை. கரண்ட்டை நிறுத்தி, எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா கனெக்டர்களையும் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் வளைத்த பேப்பர் கிளிப்பைச் செருகி, அப்புறம் கரண்ட் கொடுப்பது. ஃபேன் சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் அவுட். சுற்றினால் ‘நல்லாயிருக்கு’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். லோடு இல்லாமல் ஃபேன் சுற்றும் எஸ்எம்பிஎஸ், போர்டை மாட்டியதும் படுத்துவிடலாம். ஓடும் மெஷினில் மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பு 4.75 முதல் 5.25க்குள், ஆரஞ்சு 3.14 முதல் 3.47க்குள் இருப்பதுதான் உண்மையான சான்று.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது ஒரு வார்த்தை. 450 வாட், 500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டு மிக மலிவாக விற்பவற்றில் அந்த அளவு வராது. பெட்டி மேல் ஒட்டிய லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், அதை 12ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் பிராசஸருக்கும் கார்டுக்கும் மிஞ்சுவது.

ஆன் ஆகி உடனே அணைகிறது

சரியாக நான்கு விநாடி ஓடிவிட்டு அணைந்தால், பவர் பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறது. பட்டனை நான்கு விநாடி பிடித்தால் அணைத்துவிட வேண்டும் என்பது போர்டின் விதி. சிக்கிய பட்டன் அதைத்தான் செய்கிறது.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடிவிட்டு அணைந்தால் சூடு. பிராசஸர் ஃபேன் சுற்றுகிறதா, அதன் கீழே பிராசஸரின் சூட்டை உறிஞ்சும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் ஆடுகிறதா என்று பாருங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் வட்ட ஹீட்சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கும். அவற்றில் ஒன்று விடுபட்டாலே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பிராசஸர் கொதிக்கும். பின்னின் தலையை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால் கழலும். மறுபடி மாட்டும்போது எதிரெதிர் மூலைகளாக அழுத்தி, ‘டக்’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கழற்றியாகிவிட்டது என்றால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, பச்சைப் பட்டாணி அளவு புதுசு வைப்பது கட்டாயம். ஏஎம்டி மெஷின் என்றால் ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசஸரே பின்களோடு பிடுங்கி வந்துவிடும். மெதுவாக இடமும் வலமும் திருகிவிட்டு எடுக்க வேண்டும்.

இரண்டாவது வகை: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை

பழைய மெஷின்களில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். ‘போர்டு போச்சு’ என்ற தீர்ப்பு அவசரமாக விழுவதும் இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

முதலில் கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) பட்டனை அழுத்துங்கள். அதன் லைட் எரிந்து அணைந்தால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரச்சினை மானிட்டரிலோ கேபிளிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோதான். லைட் அசையாவிட்டால், மெஷின் பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) செய்யும் முதல் சோதனையைத் தாண்டவில்லை.

அடுத்து, பீப் சத்தம். இந்தத் தலைமுறை போர்டுகள் தங்கள் நோயை வாய்விட்டே சொல்லும், ஆனால் அதற்கு ஒரு ஸ்பீக்கர் வேண்டும். அசெம்பிள் செய்த கேபினட்கள் பலவற்றில் அது இருப்பதே இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பொத்தான் அளவுக்கு, நான்கு பின் கனெக்டரோடு கிடைக்கும் சின்ன பஸ்ஸரை வாங்கி, போர்டில் ஸ்பீக்கர் என்று குறித்த பின்களில் மாட்டுங்கள். இவ்வளவு மலிவாக இவ்வளவு தகவல் தரும் பொருள் வேறு இல்லை.

ஒரே ஒரு குட்டி பீப் என்றால் பெரும்பாலான போர்டுகளில் சோதனை சரி என்று அர்த்தம். நீண்ட பீப் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் ராம். ஒரு நீண்ட, இரண்டு குட்டி பீப் என்றால் அவார்டு பயாஸில் டிஸ்ப்ளே கோளாறு. அதே சத்தம் அசுஸ் போர்டுகள் பலவற்றில் ராம் இல்லை என்று பொருள். அதனால் இணையத்தில் கிடைக்கும் பொதுப் பட்டியலை விட உங்கள் போர்டின் மேனுவலை நம்புங்கள். மாடல் எண் போர்டிலேயே அச்சிட்டிருக்கும். அதைத் தேடினால் மேனுவல் பிடிஎஃப்பாகக் கிடைக்கும்.

இப்போது ராம். கரண்ட்டைத் துண்டித்து, இரண்டு ஓரத்துக் கிளிப்பையும் விரித்து, ராமை வெளியே எடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும், மற்ற ஊர்களில் தூசியும் ஈரமும் சேர்ந்து, அந்தத் தங்க நிற வரிசை மேல் ஒரு மங்கல் படியும். வெறும் கண்ணுக்குச் சில நேரம் தெரியாது. வெள்ளை ரப்பரால் இரு பக்கமும், மேலிருந்து விளிம்பை நோக்கி மட்டும் மெதுவாகத் தேயுங்கள். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், பூச்சு போய்விடும். ரப்பர் துகள்களைப் போர்டுக்கு மேலே அல்ல, தள்ளிப் போய் ஊதிவிடுங்கள். ஸ்லாட்டுக்குள் காய்ந்த பிரஷை ஓட்டுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் எறும்பும் பல்லி முட்டையும் கூட இருக்கும், ஆச்சரியப்பட வேண்டாம்.

மறுபடி மாட்டும்போது ஒரே ஒரு ராம், ஒரே ஒரு ஸ்லாட். இரண்டு கிளிப்பும் தானாக மூடும்வரை அழுத்துங்கள். பாதி அமர்ந்த ராம், ராமே இல்லாததை விட மோசம். வரவில்லையா, அதே ராமை அடுத்த ஸ்லாட்டில். அதிலும் இல்லையா, இன்னொரு ராமை முதல் ஸ்லாட்டில். இரண்டு ராம், இரண்டு ஸ்லாட் என்றால் மொத்தம் நான்கு சேர்க்கை. நான்கையும் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. ஒரு ஸ்லாட் மட்டும் செத்துப்போன போர்டு, மிச்சம் உள்ள ஸ்லாட்டில் இன்னும் பல காலம் ஓடும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல சோதனை உண்டு. பஸ்ஸர் மாட்டியபடி, எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ‘ராம் எங்கே’ என்று பீப் அடித்தால் போர்டு, பிராசஸர், பயாஸ் மூன்றுக்கும் உயிர் இருக்கிறது. உற்சாகமாக மேலே தேடலாம். ராம் இல்லாதபோதும் சத்தமே இல்லை என்றால், சந்தேகம் எஸ்எம்பிஎஸ், பிராசஸர், போர்டு என்ற மூன்றுக்குள் சுருங்கிவிட்டது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 பின் 12 வோல்ட் கனெக்டர். 24 பின் மட்டும் மாட்டி இதை மறந்தால் ஃபேன் ஜோராகச் சுற்றும், வேறு எதுவும் நடக்காது. சில வருட ஓட்டத்தில் இது தளர்ந்தோ கருகியோ இருப்பதும் உண்டு. பழுப்பேறிய பிளாஸ்டிக் தெரிந்தால் அதுதான் தடயம்.

பிறகு பயாஸ் ரீசெட். பவர் கார்டைப் பிடுங்கி, வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கிளிப்பைத் தள்ளி எடுத்து, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பக்கத்தில் கிளியர் சிமாஸ் என்று குறித்த மூன்று பின் ஜம்பர் இருந்தால், 1, 2 மேல் இருக்கும் மூடியை 2, 3க்கு மாற்றிப் பத்து விநாடி வைத்து, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். கொண்டுவர மறந்தால் மெஷின் ஓடாது. பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். புதுசு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். சில போர்டுகள் செத்த பேட்டரியோடு டிஸ்ப்ளேயே தராது. பிளஸ் குறி மேலே தெரியும்படி வைக்க வேண்டும்.

இன்னும் இருட்டா? பெட்டியைப் பட்டினி போடுங்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கிராஃபிக்ஸ் கார்டு, டிவி டியூனர், முன்பக்க யுஎஸ்பி ஒயர், எல்லாம் வெளியே. போர்டு, பிராசஸர், அதன் ஃபேன், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், போர்டின் சொந்த விஜிஏவில் மானிட்டர். இதில் டிஸ்ப்ளே வந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் நிற்கிறதோ அதுதான் ஆள். போர்டை கேபினட்டிலிருந்து கழற்றி, அட்டைப் பெட்டி மேல் வைத்துப் பார்ப்பதும் நல்லது. பின்னால் நழுவி விழுந்த ஒரு ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஷார்ட் செய்துகொண்டிருக்கலாம்.

போர்டை வெளியே எடுத்த கையோடு, பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளை கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்திருந்தாலோ பழுது கண்ணெதிரே இருக்கிறது. 2000க்குப் பிறகான சில ஆண்டுகளில் தரமற்ற எலக்ட்ரோலைட் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பல கம்பெனி போர்டுகளில் ஏறி, கூட்டம் கூட்டமாக உப்பின. நல்ல கெபாசிட்டரும் நம் ஊர் வெயிலில் பத்தாண்டு ஓடினால் காய்ந்துபோகும். இதை மாற்றலாம், சால்டரிங் நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுத்து. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் வகை வேண்டும் என்று கேளுங்கள். சாதாரண ரகத்தைப் போட்டால் சீக்கிரமே திரும்ப உப்பும். கழற்றும் முன் நெகடிவ் பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். போர்டில் உள்ள நிழல் குறி சிலவற்றில் நெகடிவ்வையும் சிலவற்றில் பாசிடிவ்வையும் காட்டும்.

ராம்தான் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ டிடிஆர்2 4 ஜிபி மிக மலிவாகக் கிடைத்தால், அது ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் ரகமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்டெல் போர்டில் அது டிஸ்ப்ளேயே தராது. டிடிஆர்3 ஏற்கும் ஜி41 போர்டுக்கு 4 ஜிபி ராம் வாங்கினால், பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப் இருப்பதையே வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் 8 சிப் உள்ள புதிய ரகத்தை அந்த சிப்செட்டுக்குப் படிக்கத் தெரியாது. ராம் நல்லது, போர்டும் நல்லது, ஆனால் இரண்டும் பேசிக்கொள்ளாது. வாங்கியவர் போர்டைச் சந்தேகிப்பார்.

மூன்றாவது வகை: ஏதோ எழுதிவிட்டு நிற்கிறது

டிஸ்ப்ளே வந்துவிட்டது என்றால் பெரிய கண்டம் தாண்டியாகிவிட்டது. திரையில் இருப்பதைப் படியுங்கள். பலர் படிப்பதே இல்லை.

‘சிமாஸ் செக்சம் எரர்’ என்று சொல்லி எஃப்1 அழுத்தச் சொன்னால் பேட்டரி செத்திருக்கிறது. மெஷினின் தேதி ஏதோ பழைய வருடத்தின் ஜனவரி 1க்குப் போயிருக்கும். பேட்டரியை மாற்றி, பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து சேமிக்க வேண்டும். தேதி தப்பாக இருந்தால் விண்டோஸ் வந்த பிறகும் பிரவுசரில் பாதுகாப்பு எச்சரிக்கையாகக் கொட்டும். பயாஸுக்குள் போகப் பெரும்பாலான போர்டுகளில் டெலீட் பட்டன், இன்டெல் போர்டுகளிலும் டெல்லிலும் எஃப்2, எச்பியில் எஃப்10. யுஎஸ்பி கீபோர்டுக்கு மெஷின் அசையவில்லை என்றால் பழைய பிஎஸ்2 உருண்டை பின் கீபோர்டைத் தேடி எடுங்கள். ரீசெட் ஆன பயாஸில் யுஎஸ்பி கீபோர்டு வசதி அணைந்திருப்பது உண்டு.

‘சிபியூ ஃபேன் எரர்’ என்றால் ஃபேனைப் பாருங்கள், எச்சரிக்கையை அணைக்கப் பார்க்காதீர்கள்.

‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’, ‘டிஸ்க் பூட் ஃபெயிலியர்’ இரண்டும் ஒரே சங்கதிதான்: பயாஸுக்கு ஹார்ட் டிஸ்க் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்ததில் பூட் ஆக எதுவும் இல்லை. பயாஸில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். ஒன்றுக்கு மேல் டிஸ்க் இருந்தால், எந்த டிஸ்க் முதலில் என்று கேட்கும் தனி மெனு ஒன்று பழைய பயாஸ்களில் ஒளிந்திருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

பெயரே தெரியவில்லையா? டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் பாருங்கள். பூட்டுக் கிளிப் இல்லாத பழைய சிவப்புக் கேபிள்கள் அதிர்விலேயே தளரும். இரு முனையையும் கழற்றி மாட்டுங்கள், பிறகு வேறு கேபிள், பிறகு போர்டில் வேறு சாட்டா போர்ட், பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் வேறு பவர் முனை. இத்தனைக்கும் தெரியாவிட்டால் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சுற்றும் அதிர்வே இல்லை என்றால் அதன் சர்க்யூட் அல்லது மோட்டார். ‘டிக், டிக்’ என்று சீராகத் தட்டினால் உள்ளே ஹெட் பழுது. அப்படித் தட்டும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது, அதில் உள்ள கல்யாண ஆல்பத்தை நாமே சுரண்டி அழிப்பதற்குச் சமம். முக்கியமான தரவு இருந்தால் அங்கேயே நிறுத்தி, டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் போகவும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கணக்கு வைத்துக்கொள்ளும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். ‘ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்’ என்று வந்தால் டிஸ்க் இன்னும் ஓடுகிறது, ஆனால் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. எஃப்1 அழுத்தி உள்ளே போய் வழக்கம்போல் வேலை பார்க்காமல், அன்றே காப்பி எடுத்துவிடுங்கள்.

நான்காவது வகை: விண்டோஸ் பாதியில் நிற்கிறது

இங்கே கையை வைக்கும் முன் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால், காப்பி எடுத்த பிறகு என்று சொல்லுங்கள்.

வேறொரு கம்ப்யூட்டரில், விண்டோஸைப் போலவே ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பழைய மெஷினுக்கு என்பதால் ரூஃபஸில் பார்ட்டிஷன் வகையாக எம்பிஆர் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஜிபிடி தேர்ந்தால் பழைய பயாஸுக்கு அந்தப் பென் டிரைவ் பூட் ஆவதாகத் தெரியாது. மெஷினில் மாட்டி, ஆன் ஆகும்போது பூட் மெனு பட்டனை அழுத்துங்கள். கிகாபைட்டிலும் டெல்லிலும் எஃப்12, அசுஸில் எஃப்8, எம்எஸ்ஐயிலும் அஸ்ராக்கிலும் எஃப்11, இன்டெல் போர்டில் எஃப்10, எச்பியில் எஃப்9. இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் டி டிரைவ், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கலாம். 2 ஜிபி ராம் இருந்தால் மெதுவாகவேனும் ஓடும். அதிலேயே ‘டிஸ்க்ஸ்’ என்ற மென்பொருளில் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு நன்மை: லினக்ஸ் ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் ஓடினால், போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ் மேல் உள்ள சந்தேகம் பெரிதும் குறைகிறது, பழுது டிஸ்க்கிலோ விண்டோஸிலோதான்.

விண்டோஸ் 7 என்றால் ஆன் ஆகும்போது எஃப்8 தட்டிக்கொண்டே இருங்கள். வரும் மெனுவில் சேஃப் மோட், ‘லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷன்’ இரண்டையும் முயற்சி செய்யலாம். நீலத்திரை மின்னல் மாதிரி வந்து மறைகிறது என்றால், அதே மெனுவில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தால் பிழை எண்ணைப் படிக்கலாம். விண்டோஸ் 10இல் பூட் ஆகும்போது இரண்டு மூன்று தடவை பட்டனைப் பிடித்து அணைத்தால் ரிப்பேர் திரை தானாக வரும்.

அந்த எண் ‘7பி’ என்று முடிந்தால், சமீபத்தில் பேட்டரி மாற்றினீர்களா என்று யோசியுங்கள். எச்61 போன்ற போர்டுகளில் சாட்டா டிஸ்க்கை ஐடிஇ, ஏஎச்சிஐ என்று இரண்டு விதத்தில் ஓட்டலாம். விண்டோஸை ஏஎச்சிஐயில் போட்டிருப்பார்கள். பேட்டரி செத்ததும் பயாஸ் ஐடிஇக்குத் திரும்பியிருக்கும். விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் நீலத்திரை. பயாஸில் சாட்டா மோடை மாற்றிவைத்தால் அடுத்த நிமிடம் ஓடும். இதைத் தெரியாமல் ஃபார்மட் செய்யப்பட்ட டிஸ்க்குகளை நினைத்தால் வயிறு எரிகிறது. ஜி31, ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் இந்தத் தேர்வே இருக்காது, அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்று வந்தால் விண்டோஸ் டிவிடி அல்லது பென் டிரைவிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டாலுக்குப் பதில் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’, அதில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. ஒரு தடவையில் சரியாகாவிட்டால் மூன்று தடவை வரை ஓட்டலாம். டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரம் மோசமாக இருந்தால் மட்டும் இதையோ செக் டிஸ்க்கையோ ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது இன்னும் வேகமாகத் தள்ளிவிடும்.

நீலத்திரை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் காட்டினால் ராம் மேல் சந்தேகப்படுங்கள். ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராமை நம்பக்கூடாது.

எவ்வளவு தூரம் செலவு செய்யலாம்

பேட்டரி, சாட்டா கேபிள், ராம், எஸ்எம்பிஎஸ் வரை யோசிக்காமல் செய்யலாம். டிஸ்க் போய்விட்டால் ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். பழைய போர்டின் சாட்டா வேகம் அதை முழுக்கப் பயன்படுத்தாது என்றாலும், வித்தியாசம் முதல் பூட்டிலேயே தெரியும். போர்டே போய்விட்டால், அதே சாக்கெட்டுக்குப் பழைய போர்டு தேடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதுவும் அதே வயதுதான், அதே கெபாசிட்டர்தான். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைப் பிராசஸர்களை ஏற்பதில்லை. லினக்ஸில் ஓட்டத் தயார் என்றால் மட்டும் போர்டுக்குச் செலவு செய்யுங்கள்.

கடைக்கே கொடுப்பதாக முடிவு செய்தால், என்னென்ன சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஊதா ஒயரில் எத்தனை வோல்ட், ராம் இல்லாமல் பீப் வந்ததா, எந்தச் செய்தியில் நிற்கிறது. முதல் இரண்டு வகைப் பழுதுக்கு ஹார்ட் டிஸ்க் அவர்களுக்குத் தேவையே இல்லை. கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள்.